யாரும் பேசாத வகுப்பு

அன்று ஐந்தாம் வகுப்பில் இருந்தது நான், செல்வி, குமார், கடைசி பெஞ்சு இரட்டையர் இருவர், ஆக ஐந்தே பேர். பௌர்ணமி என்பதால் மற்ற பிள்ளைகள் கிரிவலப் பாதையில் வீட்டார் போட்ட கடைகளில் நின்றார்கள். இன்று மகளின் பள்ளிக்கூடத்தில், "உங்க பொண்ணு ரொம்ப அமைதிங்க, அதான் லீடரா போட்டிருக்கோம்" என்று டீச்சர் சொன்னபோது, ஈரத்துணியால் துடைத்த கரும்பலகையின் வாசனையும் சேர்ந்து வர, எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது.

அடி அண்ணாமலையில் எங்கள் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது வேன்கள் நிற்கின்றன. அங்கேதான் எங்கள் டீச்சர் பிரம்பை உடைத்துப் போட்டுவிட்டு மேசைமேல் ஒரு தகர டப்பா வைத்தார். பேசினால் ஒரு ரூபாய், டப்பா நிறைந்தால் எல்லோருக்கும் கதைப் புத்தகம். அன்று ஆபீஸ் ரூமுக்குப் போகும்போது, வாயே திறக்காத என்னிடம் சாக்பீஸைக் கொடுத்து, "பேசறவங்க பேரை எழுதும்மா" என்றார்.

ஒருவரும் பேசவில்லை. குமார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணை உருட்டினான். பலகை வெறுமையாக இருந்தால் நான் ஏமாற்றுவதாக டீச்சர் நினைப்பாரோ என்று பயந்து பயந்து, செருப்புச் சத்தம் கேட்டதும் முன்னால் இருந்த செல்வியின் பெயரை எழுதிவிட்டேன்.

"நான் பேசவே இல்லியேடி" என்றாள் செல்வி.

உள்ளே வந்த டீச்சர் சிரித்தார். "இப்போ பேசிட்டியே. நாளைக்கு ஒரு ரூபா எடுத்துனு வா."

வீட்டில் காசு கேட்கப் பயந்து அவள் மறுநாள் வரவில்லை. பிறகு அம்மாவோடு கடலைக்காய் பறிக்கப் போனவள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவே இல்லை. எட்டாவதோடு நானும் நின்றுவிட்டேன். அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூடத் தெரியாது. நான் கட்ட வேண்டிய பாக்கி, ஒரு ரூபாய்.