பெரிய பிளக் உள்ள அறை

ஆவடி மார்க்கெட்டைத் தாண்டிய பிறகுதான் பெட்டியைத் தலையிலிருந்து இறக்கித் தோளுக்கு மாற்றினேன். பெட்டிக்குள் ஏர் ஃப்ரையர் இருந்தது. இன்னொரு கையில் பாயும் பக்கெட்டும். பக்கெட்டுக்குள் இரண்டு பாத்திரம், தட்டு, டம்ளர், அக்காவின் மாத்திரைப் பை. பின்னால் அக்கா துணிமூட்டையோடு வந்துகொண்டிருந்தாள். அவள் இடது கையை மடக்கி மார்போடு வைத்துத்தான் நடப்பாள். முழங்கைக்குக் கீழே வெந்த தோல் இறுகிப்போய், அந்தக் கை முழுதாக நீளாது.

ஷேர் ஆட்டோவில் ஏற மறுத்துவிட்டாள். நேற்று வந்த வலிப்பு இன்றும் வந்தால் நாலு பேர் மடியில் விழ வேண்டும் என்றாள். அதனால் திருமுல்லைவாயில் வரை நடை. எனக்கு நடை புதிதல்ல. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், லாரியில் லோடு ஏற்றினேன், பெயிண்ட் அடித்தேன், மெஸ்ஸில் பாத்திரம் கழுவினேன், மூன்று மாதம் ஒயரிங் வேலைக்குக் கையாளாகப் போனேன். எந்த இடத்திலும் ஒரு தீபாவளிக்கு மேல் பார்த்ததில்லை. ஒரு இடம் பிடிக்கவில்லை என்றால் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். ஆனால் அன்று நடந்தது நான் எடுத்த முடிவல்ல. கிளப்பிவிட்டார்கள்.

சட்டைப்பையில் போன் அடித்தது. மாங்காட்டில் இருக்கும் அண்ணன். எடுக்கவில்லை. என்ன சொல்வார் என்று தெரியும். பூந்தமல்லிப் பக்கம் ஒரு ஹோமில் அக்காவுக்கு இடம் சொல்லி வைத்திருந்தார். ஒருமுறை போய்ப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. நீளமான ஹாலில் கட்டில்கள். கேட்டுக்கு வெளியிலிருந்து பூட்டு. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் என்னிடம், “எங்க ஊட்ல சொல்றியா, நான் நல்லாகீறேன்னு?” என்று கேட்டாள். யார் வீடு என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. கல்யாணம் ஆகிப் பதினோரு வருடம் கழித்து, அதைச் சொல்லித்தான் புருஷன் கொண்டுவந்து விட்டுப் போனார். பதினோரு வருடமும் அவருக்குத் தெரியும். அண்ணன் வீட்டில் ஒரு மாதம் இருந்தாள். பிறகு என்னிடம் வந்தாள். ஆவடியில் ஒரு லைன் வீட்டில், வரிசையாக நாலு அறை உள்ள இடத்தில், எனக்கு ஒரு அறை இருந்தது. வந்த மூன்றாவது மாதம் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்து கேஸ் அடுப்பின் மேலேயே சரிந்தாள். கை அப்படித்தான் போனது. சமைக்கும்போது சுட்டுக்கொண்டாள் என்றுதான் மற்ற அறைக்காரர்கள் நினைத்தார்கள். அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நர்ஸம்மா என்னைத்தான் திட்டினார். “இனிமே அவங்கள அடுப்பாண்ட உட்டே, முகம் வெந்துபோய்த்தான் தூக்கினு வருவே.”

அடுப்பை அன்றே விற்றுவிட்டேன். ஆனால் மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும். நான் வேலைக்குப் போனால் வருவதற்கு ராத்திரி ஆகும். காலையில் வாங்கி வைக்கும் பார்சல் மத்தியானத்துக்குள் ஊசிப்போகும். அவள் சாப்பிடாமல் இருப்பாள். சாப்பிடாததால் மாத்திரை போடமாட்டாள். மாத்திரை போடாததால் வலிப்பு வரும். இரண்டு மாதம் இப்படிப் போனது. அண்ணன் ஒரு மாதம் கெடு வைத்தார். தனியாக இருந்து, நெருப்பில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு மாத்திரை போட முடிந்தால் அவள் என்னோடு இருக்கலாம். இல்லையென்றால் ஹோம். அக்கா அதைக் கேட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஏர் ஃப்ரையர் யோசனை அவளுடையதுதான். சூட்டுக்காற்றிலேயே வேகவைக்கிற மிஷின் என்று டிவியில் பார்த்திருக்கிறாள். கரண்ட் ஸ்டவ்வும் பார்த்தோம். நெருப்பில்லைதான், ஆனால் கொதிக்கிற குழம்பு மேலே கவிழ்ந்தால் அதுவும் வேகத்தான் வைக்கும். இதில் கொதிக்கவும் ஒன்றுமில்லை, கவிழவும் ஒன்றுமில்லை.

அம்பத்தூரில் ஒரு கடைக்குப் போனோம். கடைப் பையன் எங்கள் செருப்பைப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தான்.

“சார், இதுல பிரெஞ்ச் ஃப்ரைஸ் வரும், சிக்கன் வரும், கேக்குகூட வரும்.”

“நடுவுல ஆள் போயிட்டா இது இன்னா பண்ணும்?”

“எங்க சார் போயிட்டா?”

“மயங்கி உழுந்துட்டா.”

அவன் அக்காவைப் பார்த்தான். பிறகு குரலை இறக்கி, “டைம் முடிஞ்சா தானா நின்னுடும் சார். கூடையை வெளிய இழுத்தாலும் நின்னுடும்” என்றான்.

ஓட்டிக் காட்டச் சொன்னேன். மேசைமேல் காட்சிக்கு வைத்திருந்ததை ஓட்டினான். நான் நாலு பக்கமும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் வெதுவெதுப்பு. பின்பக்க ஓட்டை வழியாக மட்டும் சூட்டுக்காற்று வந்தது. அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தால் போதும். நாலு லிட்டர் கூடையை அக்காவால் ஒரு கையில் தூக்க முடியவில்லை. இரண்டு லிட்டரில் ஒன்றை இழுத்தபோது மிஷினே கூடையோடு சேர்ந்து நகர்ந்து வந்தது. இன்னொன்றுக்கு அடியில் நல்ல ரப்பர் கால் இருந்தது. அது அசையவில்லை. விரலால் தொட்டால் எண் வருகிற மாடலை அக்கா வேண்டாம் என்றாள். வலிப்பு வந்து போன பிறகு ஒரு மணி நேரத்துக்கு அவளுக்கு எண் எதுவும் புரியாது. திருகுகிற குமிழ்தான் வேண்டும். ஒன்று சூட்டுக்கு, ஒன்று நேரத்துக்கு. நேரம் முடிந்ததும் டிங் என்று மணி அடித்தது. அக்கா அதை இரண்டு முறை அடிக்கவைத்துக் கேட்டாள்.

இவ்வளவு பார்த்த நான் ஒயர் நுனியைப் பார்க்கவில்லை. காட்சி மிஷினின் ஒயர் மேசைக்குப் பின்னால் போயிருந்தது. பெட்டியில் இருந்ததைச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் பெரிய பிளக். தடித்த மூன்று பின். எங்கள் அறையில் இருந்தது ஃபேனுக்கும் போனுக்குமான சின்னப் பாயிண்ட் மட்டும். ஒயரிங் வேலைக்குப் போனவன் செய்கிற தப்பா இது?

கடையில் மாற்றித் தரவில்லை. பெரிய பிளக்கைச் சின்னப் பாயிண்டில் மாட்டுவதற்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கிச் செருகினேன். அது கூடாது, சின்னப் பாயிண்ட் அவ்வளவு கரண்ட் தாங்காது என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு நாள் ஓடியது. அந்தப் பன்னிரண்டு நாளும் அக்கா வேளைக்குச் சாப்பிட்டாள். சோறு மட்டும் நான் மெஸ்ஸிலிருந்து வாங்கி வைப்பேன். உருளைக்கிழங்கையும் கத்திரிக்காயையும் ஒரு ஸ்பூன் எண்ணெயில் பிரட்டிக் கூடையில் போடுவாள். மிளகாய்த்தூள் தடவி மத்தி மீன் வைப்பாள், பாதியில் ஒருமுறை திருப்புவாள். பழைய இட்லியை உதிர்த்துப் போட்டு முறுமுறுப்பாக்கினாள். அப்பளம் மட்டும் காற்றில் பறந்து மேலே கம்பியில் ஒட்டிக் கருகியது. முட்டையை ஓட்டோடு அப்படியே வைத்துக் கால் மணி நேரம் திருகி விட்டாள். உரித்துப் பார்த்தால் வெந்திருந்தது.

“தண்ணியே இல்லாம முட்டை வேகுதுடா. இன்னாடா இது அநியாயமா கீது” என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

பதின்மூன்றாம் நாள் சுவரில் இருந்த பாயிண்ட் உருகி, நாலு அறைக்கும் கரண்ட் போனது. ஓனரம்மா வந்து கருகிய சுவரைப் பார்த்தார். நல்ல மனுஷிதான். “பெரிய பிளக்குன்னா பாத்ரூமாண்ட ஒண்ணு கீது, ஹீட்டருக்குப் போட்டது. எல்லாரும் குளிச்சப்புறம் அங்க வெச்சுக்கோ” என்றார்.

பொதுக் குளியலறைக்கு வெளியே, நடையில் ஒரு ஸ்டூல் போட்டு மிஷினை அதன்மேல் வைத்தோம். காலை பத்து மணிக்கு மேல் அக்காவின் சமையல் அங்கே நடந்தது. நேரம் கழித்துக் குளிக்கப் போகிறவர்கள் துண்டோடு நின்று எட்டிப் பார்ப்பார்கள்.

“இன்னாக்கா, பாத்ரூமாண்ட கருவாடா? சோப்பு போட்டுக் குளிச்சாலும் நாறுதே!”

“உனுக்கு ரெண்டு எடுத்து வெக்கிறேன், அப்புறம் குளிக்கவே மாட்டே” என்று அக்கா பதில் சொல்வாளாம். இதைச் சொன்னது பக்கத்து அறையில் தையல் மிஷின் வைத்திருந்த பாய் வீட்டம்மா.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் நடந்ததைச் சொன்னதும் அவர்தான். நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லோடு இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஓடி வந்தேன். அக்கா அறையில் படுத்திருந்தாள். முன்நெற்றி வீங்கியிருந்தது.

“முட்டை வெச்சுட்டுக் கிட்டவே குந்திகினு இருந்துச்சு தம்பி. திடீர்னு சத்தம். வந்து பார்த்தா தரையில இழுத்துகினு கீது. ஓனரம்மாதான் ‘இரும்பு குடு, இரும்பு குடு’ன்னு இடுப்புல இருந்த சாவிக்கொத்தையே எடுத்து அது கையில வெச்சாங்க. நாங்க எல்லாம் அதையே பார்த்துகினு நின்னோம். மிஷின யாருமே பார்க்கல. அது பாட்டுக்கு டிங்குன்னு நின்னுபோச்சு.”

கையில் இரும்பு கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று எங்கள் பக்கத்தில் நம்புகிறவர்கள் அதிகம். நிற்காது. பல வருடமாகப் பார்க்கிறேன், அது தானாக வரும், தானாகப் போகும். ஆனால் அந்த நேரத்தில் கைக்குக் கிடைத்ததை அக்கா இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். ஓனரம்மாவின் பீரோ சாவி, பூஜை அறைச் சாவி, நாலு அறைச் சாவி எல்லாம் அவள் கைக்குள் மாட்டிக்கொண்டன. அரை மணி நேரம் விரலைப் பிரிக்க முடியவில்லையாம். பிரித்து எடுத்த கொத்தை ஓனரம்மா வாங்கவில்லை. மஞ்சள் தண்ணீர் வைத்து, அதில் போடச் சொன்னார். நான் போனபோது சொம்புக்குள் சாவிகள் கிடந்தன.

“சொல்லவே இல்லியேபா. நல்லா கீறவங்கன்னு நெனச்சுத்தானே ஊடு வுட்டேன். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா போலீசு என்னையத்தான் கேக்கும்.”

“ஒண்ணும் ஆவலியேம்மா. மிஷினு நின்னுபோச்சே.”

“மிஷின யாரு கேட்டா? பொம்பளையக் காலி பண்ணச் சொல்றேன்.”

இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எதற்காக அந்த மிஷினை வாங்கினேனோ அதை அது செய்தது. அவள் விழுந்தாள், அது நின்றது, ஒரு கொப்புளம்கூட இல்லை. அறைக்குள் நடந்திருந்தால் யாருக்கும் தெரியாமல் எழுந்து முகம் கழுவியிருப்பாள், முட்டையைத் தின்று மாத்திரை போட்டிருப்பாள். நான் ஒயர் நுனியைப் பார்க்காததால் அவள் நாலு பேர் குளிக்கப் போகிற வழியில் விழுந்தாள்.

திருமுல்லைவாயிலில் என்னை ஒயரிங் வேலைக்கு வைத்திருந்தவர் கடை போட்டிருந்தார். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். கதையைக் கேட்டுவிட்டு முதலில் திட்டினார்.

“பிளக்கப் பார்க்காம எவனாவது வாங்குவானா மாமே? என் பேரை வெளிய சொல்லாத.” கொஞ்ச நேரம் ஸ்க்ரூ டிரைவரை உருட்டிக்கொண்டிருந்தார். “மெயின் ரோட்டுக்கு உள்ளார ஒரு அபார்ட்மெண்ட் கீது. வாட்ச்மேன் ஓடிட்டான். அந்த ரூம்ல பெரிய பாயிண்ட் நான்தான் போட்டேன், தனி லைன். ஆனா பன்னண்டு மணி நேர டூட்டி. உன்னால ஒரு எடத்துல குந்த முடியுமா?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மூட்டையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள். அன்று அவர் கடைக்குள் ஒயர்ச் சுருள்களுக்கு நடுவே படுத்துக்கொண்டோம்.

காலையில் மூன்று பேரும் போனோம். செகரட்டரி வாக்கிங் போய்விட்டு வந்து, பனியனோடு கேட்டுக்குள் நின்றிருந்தார். வேலையைச் சொன்னார்: கேட், மோட்டார், குப்பை, நாலு மாடிப் படிக்கட்டு பெருக்குவது. நான் சம்பளத்தைக் கேட்கவில்லை.

“ரூம்ல பெரிய பிளக் வேலை செய்யுதா சார்?”

“ஏன்யா, ஏசி போடப் போறியா?”

“சமைக்கத்தான் சார்.”

“இவங்க யாரு? உடம்புக்கு ஒண்ணும் இல்லியே? படிக்கட்டை இவங்களே பெருக்கட்டும்.”

“அக்கா சார். கையில மட்டும் சுட்டுகிச்சு. வேற ஒண்ணும் இல்ல. படிக்கட்டை நானே பெருக்கிக்கிறேன்.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். ஒயரிங்காரர் மீட்டர் பெட்டியைப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் நகர்ந்தார். ஓனரம்மாவிடம் சொல்லாமல் விட்டேன். இவரிடம் பொய்யே சொல்லிவிட்டேன். தெரிந்தால் இங்கிருந்தும் போக வேண்டியதுதான். அது எந்த நாள் என்றுதான் தெரியாது.

அறை மாடிப்படிக்குக் கீழே. நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஜன்னல் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார். பெரிய பிளக் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருந்தது. மிஷினைக் கீழேயே வைத்து, பின்பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் செருகினேன். உட்கார்ந்தபடியே சமைக்கலாம், விழுந்தாலும் அதிக உயரமில்லை. அக்கா இரண்டு முட்டையை வைத்துக் குமிழைத் திருகினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

பழைய வாட்ச்மேன் விட்டுப்போன நீலச் சட்டை எனக்குத் தொளதொளவென்று இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு கேட்டில் நாற்காலியில் உட்கார்ந்தேன். அறைக்கதவு பதினைந்து அடி தூரம். கால் மணி கழித்து டிங் என்று கேட்டது. அதன்பிறகு கூடையை இழுக்கும் சத்தம் வர வேண்டும். வரவில்லை. எழுந்து நின்றேன். வெளியே ஒரு கார் ஹாரன் அடித்தது. நான் அறைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். கார் மறுபடி அடித்தது. உள்ளே கூடை இழுபட்டது. பிறகு தட்டில் முட்டை தட்டி உடையும் சத்தம் கேட்டது.

போய்க் கேட்டைத் திறந்தேன்.