எங்கள் வீட்டில் கொட்டாங்கச்சி இல்லை

கல்யாணமான முதல் வாரமே என் வீட்டுக்காரரும் நானும் உட்கார்ந்து பேசி, நம் குடும்பம் எப்படி நடக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. ராகு காலம், எமகண்டம் பார்ப்பதில்லை. பிள்ளை ஆணோ பெண்ணோ பள்ளிக்கூடம் போக வேண்டும். வாசலுக்கு வந்தவர் எந்தச் சாதியானாலும் உள்ளே அழைத்து, நாம் குடிக்கிற டம்ளரிலேயே கொடுப்பது. அவர் சொல்ல நான் தலையாட்டினேன் என்று நினைத்துவிடாதீர்கள். டம்ளர் பேச்சை எடுத்தவளே நான்தான்.

அவருக்கு ரயில்வே ஆபீசில் கிராணி வேலை, கணக்கெழுதுகிற குமாஸ்தா. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். அந்த வரிசையில் எல்லா வீட்டுப் பின்கதவிலும் ஓர் ஆணியில் கொட்டாங்கச்சி தொங்கும். பின்சந்து கூட்ட வருகிற பெண்ணுக்குத் தாகம் எடுத்தால் அதை ஏந்தி நிற்க வேண்டும், வீட்டுக்காரி எட்ட நின்று தண்ணீர் ஊற்றுவாள். எங்கள் கதவிலும் முன்பு குடியிருந்தவர்கள் ஒன்றை விட்டுப் போயிருந்தார்கள். வந்த அன்றே அடுப்பில் போட்டேன்.

அந்தப் பெண் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். "உள்ள வாங்கக்கா" என்று கூப்பிட்டபோது, நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று திரும்பிப் பார்த்தாள். கெஞ்சிக் கூத்தாடித்தான் அடுப்படியில் உட்கார வைத்தேன். டம்ளரில் காப்பி குடித்தாள். பக்கத்து வீட்டு ஜன்னல் பார்த்துக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான். கறிவேப்பிலை கேட்டு வந்தவர்கள் வருவதை நிறுத்தினார்கள். நவராத்திரிக்கு வரிசையில் எல்லோருக்கும் அழைப்பு, எனக்கு இல்லை. தீபாவளிக்கு நான் அனுப்பிய முறுக்குத் தட்டு, மூடிய துணிகூடக் கலையாமல் திரும்பி வந்தது. யாராவது சண்டைக்கு வந்திருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன், எனக்கென்ன வாய் இல்லையா? ஒருத்தியும் ஒன்றும் சொல்லவில்லை. ஊரோடு ஒத்து வாழ் என்று சும்மாவா சொன்னார்கள்.

அவர் காலையில் போனால் இருட்டுகிற நேரத்தில்தான் வருவார். பகலெல்லாம் சட்டி பானையோடு பேசிக்கொண்டிருந்தேன். மத்தியானம் அக்கா வந்து அடுப்படியில் உட்காருகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு மனுஷ வாசனை. புருஷன் கள்ளுக்கடையே கதியென்று கிடப்பது, பெரிய மகளின் பிடிவாதம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அடுத்த வீட்டுக்காரி முழுகாமல் இருக்கிற சேதிகூட அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரு நாள் அவள் உள்ளே வரவில்லை. படிக்குக் கீழேயே துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, எனக்கும் ஒரு கொட்டாங்கச்சி மாட்டிருங்கம்மா. வெளியவே குடிச்சிட்டுப் போறேன்."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். மெல்ல மெல்லத்தான் சொன்னாள். இவளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று வரிசையில் பேச்சாம். மற்ற வீடுகளில் தண்ணீர் ஊற்றுவதையே நிறுத்திவிட்டார்களாம். வீட்டுக்குள் நுழைகிறாள் என்று மண்டோர் காதுக்கும் போய், இனியும் இப்படிச் செய்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்று அந்த மேஸ்திரி மிரட்டியிருக்கிறான்.

அது மட்டும் என்னால் முடியாது என்றேன். என் கையால் அதை எப்படி மாட்டுவேன்? இன்றைக்குக் கேட்டாலும் மாட்ட மாட்டேன். அவள் கோபப்படவில்லை.

"நீங்க ஒரு வீடுதாம்மா. எனக்கு இந்தச் சந்து முழுக்க வேணும்ல" என்றாள்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுப் பின்பக்கத்தை மட்டும் வேகமாகக் கூட்டிவிட்டுப் போய்விடுவாள். அடுத்த வீட்டில் மறுபடி அவளுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அந்தச் சத்தம் என் அடுப்படிக்கு நன்றாகக் கேட்கும். முதல் நாள் அதைக் கேட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

அன்று சாயங்காலம் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் பெருமை. அசைந்து கொடுக்காமல் நின்றாயே, இதுவல்லவா குடும்பம் என்றார். வழக்கம்போல இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிட உட்கார்ந்தோம். அவர் தட்டில் குழம்பை ஊற்றினேன். ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று கேட்டார்.

"நம்ம கொள்கைய வீட்ல வச்சிட்டு நீங்க ஆபீசுக்குப் போயிடுறீங்க" என்றேன். "அந்தக் கொள்கையோட நாள் பூரா தனியா இருக்கிறவ நான்."