கையெழுத்துக்கு முன் போட்ட இலை

ராமச்சந்திராபுரத்தில் அப்பா கட்டிய வீட்டின் மாடிப்படியில் மொத்தம் இருபது படிகள். பத்தொன்பது ஒரே உயரம். கடைசிப் படி மட்டும் மூன்று அங்குலம் கூடுதல். யார் ஏறினாலும், வீட்டில் எந்த மூலையிலிருந்தாலும், அப்பாவின் குரல் வந்துவிடும்: "கடைசிப் படி உயரம், பாத்து." விருந்தாளிக்கும் அதேதான், கேபிள் மாட்ட வந்தவருக்கும் அதேதான். கல்லூரியில் படித்த காலத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "தெரியும்ப்பா!" என்று கத்திவிட்டு வேண்டுமென்றே தடதடவென ஏறுவேன்.

அப்பா தொழிற்சாலையில் ஒப்பந்தப் பிரிவில் இருந்தவர். ஒரு பக்கத்தில் முத்திரை விடுபட்டதற்காக டெண்டரையே தள்ளிவிடும் மனிதர், சொந்த வீடு என்றால் சும்மா இருப்பாரா? பதினோரு பக்கத்துக்கு ஒப்பந்தம் எழுதினார். அஸ்திவாரம் எத்தனை அடி, மழையில் வேலை நின்றால் என்ன, பூசிய சுவருக்கு எத்தனை நாள் தண்ணீர் விடவேண்டும், குறை தெரிந்தால் யார் சரிசெய்வது, எல்லாம் அதில் உண்டு. ஏழாவது பத்தியில் மாடிப்படி: ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், ஒன்றுக்கொன்று வித்தியாசம் கூடாது.

பூமி பூஜை முடிந்து, அப்போது நாங்கள் இருந்த தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்குவதாகத் திட்டம். பூஜை இழுத்துவிட்டது. எல்லோருக்கும் பசி. அம்மா இலை போட்டுவிட்டாள். மேஸ்திரி வயிறாரச் சாப்பிட்டார். அப்பா பையிலிருந்து காகிதத்தை எடுத்ததும் மேஸ்திரி நெஞ்சில் கை வைத்தார். "உங்க வீட்டு உப்பைத் தின்னாச்சு சாரு. இனி காகிதமெல்லாம் நக்கோ, வேணாம். பேச்சுன்னா பேச்சுதான்." அப்பா காகிதத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தார். அன்று மாலை, யாரிடம் என்றில்லாமல், "சாப்ட்ட கை காயறதுக்குள்ள அவன்கிட்ட எப்படி நீட்டறது?" என்றார்.

மேஸ்திரி மோசக்காரர் இல்லை. மாடித் தளம் கணக்கைவிட மூன்று அங்குலம் ஏறிப்போயிற்று. அத்தனையையும் கடைசிப் படியில் போட்டு மூடிவிட்டார். கேட்டால், "பழகிடும் சாரு." பழகவில்லை. குடியேறிய இரண்டாம் வருடம் ஈரத்துணி வாளியோடு ஏறிய அம்மா அந்தப் படியில் தடுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்து, கோணலாகவே கூடியது. அதன்பின் அவள் மாடிக்குப் போகவே இல்லை. அப்பா குரல் கொடுக்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

அப்பா போய் மூன்று வருடமாகிறது. அம்மா அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறாள். நானே கொண்டாப்பூரில் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு மாடியில் ஒரு தளம் எழுப்பிக்கொண்டு வருவதாக முடிவு செய்தேன். பழைய படியை இடித்துப் புதிதாகக் கட்டுவதும் அதில் சேர்த்தி. கான்ட்ராக்டர் என் தம்பியோடு படித்தவர்; அப்போதெல்லாம் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அப்பாவின் பதினோரு பக்கங்களை வைத்துக்கொண்டு ஒப்பந்தம் தட்டச்சு செய்தேன். ஒன்பது தடவை மாற்றினேன். எழுதும்போது இருந்த தைரியம், அவர் வரும் நாள் நெருங்க நெருங்கக் கரைந்துகொண்டே வந்தது. அன்று காலை உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடையாய் நடந்தேன்.

வந்தவர் கோப்பைப் பார்த்ததும் சிரித்தார். "என்ன அக்கா, சின்ன வயசுலேருந்து ஆன்ட்டி கையால சாப்பிட்டவன் நான். எனக்கு எதுக்குப் பேப்பர்? மனவாள்ளு கதா!" தெலுங்கில், நம்மவர்கள்தானே என்கிறார். சமையலறையிலிருந்து சாம்பார் வாசனை வந்தது. அப்பாவைக் கோழை என்று எத்தனை முறை மனதுக்குள் திட்டியிருப்பேன்! இப்போது நானும் அதே இடத்தில் நின்றேன். 'பரவாயில்லை' என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது.

அம்மா புடவையில் கை துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "கையெழுத்து ஆகட்டும்ப்பா. அப்புறம்தான் இலை." பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்: "அன்னிக்கு நான்தான் அவசரப்பட்டுப் போட்டுட்டேன்."

'கடைசிப் படி' என்று ஒவ்வொரு முறையும் அப்பா தன் தப்பைத்தான் கத்திச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். அடுப்படியில் நின்ற அம்மா அத்தனை வருடமும் அதைத் தன் தப்பாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அப்பாவுக்கு இது தெரிந்திருக்குமா? தெரிந்திருந்தால் வாயே திறந்திருக்கமாட்டார். இனி யாரிடம் போய்ச் சொல்வது?

கான்ட்ராக்டர் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாப் பக்கத்தையும் படித்தார். படியைப் பற்றிய பத்தியில் ஒரு சந்தேகம் கேட்டார். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டார். அம்மா இலை போட்டாள். சாப்பிட்டுவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு மாடிப்படியை அளக்கப் போனார்.

அவர் பாதி ஏறியிருப்பார். நான் வாய் திறப்பதற்குள் சாப்பாட்டு மேஜையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"கடைசிப் படி உயரம், பாத்து."

மேலிருந்து பதில் வந்தது: "தெரியும் ஆன்ட்டி. அங்கிள் சொல்வார்ல?"