வாசற்படியில் வைத்த பன்னிரண்டு முட்டை

விடுதிச் சமையலறையில் ஒரு நாளைக்கு நாலு கிலோ வெங்காயமாவது உரிப்போம். சருகு அப்படியே குப்பைக்குழிக்குப் போகும். தவக்காலம் தொடங்கிவிட்டால் மட்டும் நான் அதைக் கொட்ட மாட்டேன். ஒரு கோதுமைச் சாக்கில் அமுக்கி, விறகுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். எதற்கு என்று கேட்டவர்களும் இரண்டு மூன்று வருடத்தில் கேட்பதை விட்டுவிட்டார்கள். ஈஸ்டருக்கு என் மகளுக்கு முட்டையில் சாயம் ஏற்றுவதற்குத்தான்.

கடலூர் முதுநகரில், பங்குக் கோயிலை ஒட்டிய பையன்கள் விடுதியில் நான் சமையல்காரன். பத்தாவது முடித்துவிட்டு வந்தவன், அந்த வேலையிலேயே நிலைத்துவிட்டேன். வீடு விடுதிக்குப் பின் தெருவில். அடுப்புக்கு முன்னால் நிற்கிறவன் பேச வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அது எனக்குத் தோதாக இருந்தது. மகளுக்கு ஏழு வயதாகும்போது என் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். அடுத்த ஈஸ்டருக்கு முன்னால், மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் சொன்னதை மகள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள். வெங்காயச் சருகு, மஞ்சள், வினிகர், மெழுகுவர்த்தி. வேறு எந்தப் பண்டிகைக்கும் நான் அவளுக்கு ஒன்றும் செய்யத் தெரியாதவன். இது அடுப்பு வேலை. எனக்கு வந்தது.

சருகை இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டுக் கொதிக்கவிட்டால் தண்ணீர் செங்கல் நிறத்துக்கு வரும். வடிகட்டி, ஒரு கரண்டி வினிகர் ஊற்றி, வெள்ளை முட்டையை அதில் வேகவைத்தால் ஓடு நல்ல சிவப்பாகிவிடும். கொத்தமல்லி இலையை ஈரத்தோடு முட்டையில் ஒட்டி, பழைய கொசுவலைத் துண்டால் இறுக்கிக் கட்டி வேகவைப்போம். அவிழ்த்தால் இலை இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, நரம்பு நரம்பாகத் தெரியும். சில சமயம் வலையின் கட்டமும் மீன் செதில் போல விழுந்துவிடும். மெழுகால் சிலுவை போட்ட முட்டையை ஆறிய சாயத்தில்தான் ஊறவைக்க வேண்டும். சூட்டில் போட்டால் மெழுகு உருகி, சிலுவை கரைந்துவிடும். வேலியில் படர்ந்த சங்குப்பூவிலிருந்து நீலம் எடுப்போம். கடைசியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் பளபளக்கும். மகள் ஒவ்வொன்றையும் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள். அந்த ஒரு மத்தியானம் நான் களைப்பை மறந்திருப்பேன்.

அவள் சிதம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குப் போன இடத்தில் ஒரு பையனை விரும்பினாள். வேறு சாதி, இந்துக் குடும்பம். பதிவுத் திருமணம். ஆறு மாதம் கழித்து அவர்கள் வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். நான் இரண்டு முறை பழம் வாங்கிக்கொண்டு போனேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, காப்பி குடித்துவிட்டு வந்தேன். சம்பந்தி அம்மாள் பேச்சில் கெட்டி. அவர் கேட்டதற்கெல்லாம் நான் தலையை ஆட்டினேன்.

2009இல் மகளுக்கு ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. முதல் பிரசவம் பெண்ணைப் பெற்ற வீட்டில் என்பது எல்லோருக்கும் உள்ள வழக்கம். தாய் இல்லாத வீடு என்றாலும் என் வீடும் வீடுதானே என்று எனக்கு ஒரு பிடிவாதம். ஓய்வு கிடைத்த நேரமெல்லாம் உள் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். மின்விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். கேட்பதுதான் பாக்கி. ஈஸ்டருக்கு முட்டையோடு போய், பண்டிகை நாளில் வாய் திறந்து கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த வாரம் மகளும் விடுதிக்குப் போன் செய்து, “அப்பா, இந்த வருஷம் முட்டைக்கு சாயம் போடலையா?” என்று கேட்டிருந்தாள்.

பெரிய வெள்ளியன்று பங்கு மக்கள் எல்லோருக்கும் கஞ்சி காய்ச்ச வேண்டும். அண்டா அண்டாவாகக் கிளறித் தோள் இரண்டும் கழன்று விட்டது போல இருந்தது. சனிக்கிழமை மத்தியானம்தான் முட்டைக்கு உட்கார்ந்தேன். சங்குப்பூக் கொடியை யாரோ வேலியோடு வெட்டிவிட்டிருந்தார்கள். நீலம் இல்லை. போகட்டும் என்று பாதியைச் சிவப்பாகவும் பாதியை மஞ்சளாகவும் செய்தேன். மெழுகுச் சிலுவை நாலு. கொத்தமல்லி அச்சு மூன்று. பஸ்ஸில் உடையாமல் இருக்க, ஒரு மூங்கில் தட்டில் விடுதி வளாகத்து வேப்பந்தழையைப் பரப்பி, அதன்மேல் பன்னிரண்டையும் அடுக்கி, புதுத் துண்டால் மூடினேன்.

வேப்பந்தழை, மஞ்சள், சிவப்பு, கோடு போட்ட முட்டை. இதை எழுதும்போது எனக்கே தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. இருபது வருடமாக நான் பார்த்தது ஈஸ்டர் முட்டை மட்டும்தான்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். சிதம்பரத்தில் இறங்கி அவர்கள் தெருவுக்குப் போனபோது மணி ஆறே முக்கால். வாசலில் கோலம் போட்டிருந்தது, ஆனால் கதவு சாத்தியிருந்தது. தட்டலாம் என்று கையைத் தூக்கினேன். ஞாயிற்றுக்கிழமை, தூங்குவார்கள், இவ்வளவு சீக்கிரம் வந்து நிற்கிறான் என்று நினைப்பார்கள் என்றெல்லாம் தோன்றியது. தட்டை வாசற்படியின் ஓரத்தில் நிழலாக வைத்துவிட்டு, முனைக்கடையில் டீ குடித்து, எட்டு மணிக்கு வரலாம் என்று நடந்தேன். டீயோடு கூட, கேட்க வேண்டியதை மனதுக்குள் நாலு முறை சொல்லிப் பார்த்தேன்.

திரும்பி வந்தபோது வாசலில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் நீளமான கழியால் தட்டைச் சாக்கடைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். கிட்டே போகாமல், எட்டி நின்று. துண்டு விலகி முட்டைகள் உருண்டன. கோலத்தின்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார்கள். சம்பந்தி அம்மாள் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

“மாசமா இருக்குற பொண்ணு இருக்குற வூட்டு வாசல்ல செய்வென வச்சிட்டுப் போயிருக்கா. எவ வச்சாளோ அவ கை அழுவிப் போவும்.”

என் கையில் இன்னும் மஞ்சள் கறை இருந்தது. அதைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டேன். அது நான்தான், அது ஈஸ்டர் முட்டை என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். வாய் வரவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்ற என்னைச் சம்பந்தி அம்மாள் பார்க்கவில்லை. ஒருவர் என்னைப் பார்த்து, அந்தப் பக்கமாகப் போங்க, மிதிச்சிடாதீங்க என்றார். நான் அந்தப் பக்கமாகப் போனேன். அப்படியே பஸ் நிலையம், அப்படியே கடலூர். வழியில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடுதியில் பண்டிகைப் பிரியாணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்து உரித்தேன்.

செவ்வாய்க்கிழமை மகள் போன் செய்தாள். மாடியிலிருந்து பேசுகிறாள் போல, குரல் தாழ்வாக இருந்தது.

“நீதானப்பா வச்சிட்டுப் போன?”

நான் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

“கொத்தமல்லி அச்ச பாத்ததுமே தெரிஞ்சுது.”

“நீ சொல்லியிருக்கலாமேம்மா.”

“நீயே சொல்லாம போயிட்ட. நான் எப்புடிப்பா சொல்றது? எங்கப்பா வச்ச செய்வெனன்னா?”

அவளுக்குக் கையில் மந்திரித்த கயிறு கட்டியிருக்கிறார்களாம். அது கூடப் பரவாயில்லை என்றாள். சம்பந்தி அம்மாளுக்குத் தன் ஓரகத்தியின் மேல், கொழுந்தனாரின் மனைவி மேல், சந்தேகம் விழுந்துவிட்டது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் அந்த அம்மாளுக்குக் குழந்தை இல்லை. அதனால் வயிற்றெரிச்சல் என்று சொல்லி, அந்த அம்மாள் வீட்டு வாசலிலேயே போய்க் கத்திவிட்டு வந்திருக்கிறார். “அந்தச் சின்னத்த நேத்துலேருந்து சோறு தண்ணி எடுக்கலையாம்பா” என்றாள் மகள். அவள் ‘வா’ என்று சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள்.

புதன்கிழமை விடுப்பு சொன்னேன். போகும் முன் மீதிச் சருகில் இரண்டு முட்டையைச் சிவப்பாக வேகவைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பேச்சு வராவிட்டால் அதுவாவது இருக்கட்டும் என்று.

இந்த முறை கதவு திறந்துதான் இருந்தது. சம்பந்தி அம்மாள் உட்காரச் சொன்னார். மகள் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்தேன். சம்பந்தி அம்மாள் சட்டென்று எழுந்து பின்னால் போனார். நான் அதை நாற்காலிக் கையில் தட்டி, சிவப்பு ஓட்டை உரித்து, அவர் எதிரிலேயே தின்றேன். உப்பு இல்லை. தொண்டையில் அடைத்தது. மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொன்னேன். வெங்காயச் சருகு என்றேன், மஞ்சள் என்றேன், எங்கள் பண்டிகை என்றேன், நான்தான் வைத்தேன் என்றேன். எதை முன்னால் சொன்னேன், எதைப் பின்னால் சொன்னேன் என்று நினைவில்லை.

சம்பந்தி அம்மாள் ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“ஏன் சம்பந்தி, கதவ தட்டியிருக்கக் கூடாது?”

“காலங்காத்தால... தூங்குவீங்கன்னு...”

“நான் நாலு மணிக்கே எழுந்து கோலம் போட்டவ. வேப்பெல வேற வச்சிருக்கீங்க. ஒரு எலுமிச்சம்பழம்தான் பாக்கி.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளும் சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். ஆனால் அவர் சீக்கிரமே சிரிப்பை நிறுத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வாங்க என்றார். ஓரகத்தி வீட்டுக்கு. அங்கேயும் நான் சொல்ல வேண்டும் என்றார்.

அந்த அம்மாள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். மற்ற முட்டையையும் உரித்துத் தின்றேன். அவர் எழுந்து உட்கார்ந்து கேட்டார். என்னைத் திட்டவில்லை. சம்பந்தி அம்மாளைப் பார்த்துத்தான் பேசினார்: “இவரு முட்டைய தின்னுட்டாரு. நீங்க பேசுன பேச்ச யாரு திம்பாக்கா?”

சம்பந்தி அம்மாள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் வெளியே வந்து வெயிலில் நின்றேன். உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது, யாருடையது என்று பார்க்கவில்லை. வெகு நேரம் கழித்து இரண்டு பேரும் ஒன்றாக வந்தார்கள்.

திரும்பி நடக்கும்போது, இனிமேல் இதைவிட நல்ல நேரம் வராது என்று நினைத்து நான் பிரசவத்தைப் பற்றிக் கேட்டேன். அறைக்குச் சுண்ணாம்பு அடித்ததையும் சொன்னேன். சம்பந்தி அம்மாள் தெருமுனை நிழலில் நின்றார். கோபத்தில் சொல்லவில்லை. நிதானமாகத்தான் சொன்னார்.

“பெத்த பொண்ண பாக்க வந்த வூட்டு கதவையே தட்டாதவரு நீங்க. நாளைக்கு அவளுக்கு வலி எடுத்தா யாரு வூட்டு கதவ போயி தட்டுவீங்க சம்பந்தி?”

யோசித்துப் பார்த்தேன். முதுநகரில் அவசரத்துக்கு ஓடிப்போய் எழுப்பும்படியான ஒரு வீடு எனக்கு இல்லைதான். பாதரின் அறைக் கதவைக்கூட, அவர் கூப்பிட்டால் ஒழிய, நான் தொட்டதில்லை.

பிரசவம் சிதம்பரத்திலேயே நடந்தது. பெண் குழந்தை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சம்பந்தி அம்மாளும் ஓரகத்தியும் மாறி மாறி உள்ளே போய் வந்தார்கள். நான் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சுண்ணாம்பு அடித்த அறையில் பிறகு அரிசி மூட்டை வைத்தேன்.

அடுத்த ஈஸ்டருக்கும் முட்டைக்குச் சாயம் போட்டேன். சங்குப்பூவை வேறு வேலியில் தேடிப் பிடித்து நீலம் மட்டும் போட்டேன். வைக்கோலில் அடுக்கினேன். அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். மூன்று முறை, நன்றாகவே தட்டினேன். எதிர் வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, குழந்தைக்குக் காது குத்த எல்லாரும் கோயிலுக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். வரும்வரை வைத்துவிட்டுப் போங்களேன், பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

பரவாயில்லை என்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, முழங்கால் வலித்தது. தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அவர்கள் வரும் வரைக்கும் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றேன்.