ஐயாவு எழுதிக் கொடுத்த வரி

வீரம்மா ஒரு கையால் கிழவரின் புண்பட்ட காலைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் உப்புநீரை ஊற்றிச் சீழைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாய் மட்டும் தனியாக முணுமுணுத்தது: "லெக், காலு. பெயின், வலி. வாட்டர், தண்ணி." கிழவர் ஏதோ மந்திரம் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

மலாயாவில், கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவள் ஆயா. பால் மரம் வெட்ட வந்தவள். புருஷன் காய்ச்சலில் போன பிறகு, அருவருப்புப் படாத கை என்று அவளை இங்கே மாற்றினார்கள். தமிழ் எழுத்து அப்பனிடம் கற்றது. இங்கிலீஷ், அங்கே மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் ஐயாவு சொல்லிக் கொடுப்பது. அவனுடைய பாடப் புத்தகம் மருந்து அலமாரியில் பூட்டியே கிடக்கும். அதைப் பார்த்து அவளுடைய நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதித் தருவான். மலேரியாவில் அவன் பிதற்றிக் கிடந்த பதினோரு நாளும் பக்கத்திலிருந்து கரையேற்றியவள் அவள். அக்கா என்பான், தம்பி என்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் பிரசவ வேலை பழக ஓர் ஆயாவை அனுப்பப் போவதாகச் செய்தி வந்தது. வெள்ளைக்கார டாக்டர் நேரில் கேட்டுத் தேர்ந்தெடுப்பாராம். போக ஆசை என்பதை எப்படிச் சொல்வது என்று வீரம்மா கேட்டாள். ஐயாவு எழுதிக் கொடுத்தான்: 'ஐ டூ நாட் விஷ் டு கோ டு ஈப்போ, சார்.'

ஐந்து நாள் உருப்போட்டாள். ஈப்போ என்ற பெயர் அதில் இருந்தது. அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. டாக்டர் முன்னால் ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னாள். அவர் வியப்பாகப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ஈப்போவுக்கு இன்னொரு ஆயா ராக்காயி போனாள். ராக்காயிக்கு வயது குறைவு, அதுதான் காரணம் என்று ஐயாவு ஆறுதல் சொன்னான். அதையும் நம்பினாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்துமலை என்ற வியாபாரி சைக்கிளில் புத்தகப் பெட்டியோடு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்தார். இங்கிலீஷ் பேசப் பழகும் புத்தகம் ஒன்றை அவள் வாங்கினாள். ஒவ்வொரு வரியும் தமிழ் எழுத்தில், பக்கத்திலேயே பொருள். நின்ற இடத்திலேயே புரட்டினாள். 'ஐ விஷ் டு கோ: போக விரும்புகிறேன்.' அதற்குக் கீழே, 'ஐ டூ நாட் விஷ் டு கோ: போக விரும்பவில்லை.'

அச்சுப் பிழையா என்று கேட்டாள்.

"நாட்டுன்னா இல்லேன்னு அர்த்தம்லா அக்கா," என்று பத்துமலை சிரித்தார். "இது தெரியாம நான் எப்படிப் புத்தகம் விக்கிறது?"

ஆஸ்பத்திரியில் ஐயாவு மாத்திரை உருட்டிக்கொண்டிருந்தான். வீரம்மா புத்தகத்தை விரித்து அவன் முன்னால் வைத்தாள். படித்தான். மறுக்கவில்லை.

"நீங்க போயிட்டா முப்பது கட்டில யாரு அக்கா பாக்குறது? எனக்கு ஒத்தையா முடியுமா?"

"முடியாதுன்னு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாம். எழுதித் தரமாட்டேன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாம். வேற ஆளப் பிடிச்சிருப்பேன், டிரஸ்ஸரே."

தம்பி போய் டிரஸ்ஸர் ஆனது அவன் காதில் விழுந்தது. தலை குனிந்தான். மாலை மருந்து கொடுக்கும் நேரம் வந்தது, கொடுத்தாள். நோயாளிகள் என்ன பாவம் செய்தார்கள்?

மறுநாள் காலை, பெரட்டுக் களத்தில் தொழிலாளர் பேர் கூப்பிட்டு முடிந்ததும் அவள் தோட்டத்துக் கணக்கர் கிராணி முன்னால் போய் நின்றாள். ஒரு மாதம் முன்கூட்டிச் சொன்னால் எந்தத் தொழிலாளியும் தோட்டத்தை விட்டுப் போகலாம். எங்கே போகிறாய் என்று கிராணி கேட்டார். ஈப்போ ஆஸ்பத்திரியில் வேலை கேட்க என்றாள். விலகல் கடிதத்தை அவர் இங்கிலீஷில் எழுதி நீட்டினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் தமிழில் பொருள் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே வீரம்மா கையெழுத்துப் போட்டாள்.