பாக்கியம் அக்காவும் ஆற்றில் ஏறிய உப்பும்

பாக்கியம் அக்கா மறைந்த செய்தி என் தையல் எந்திரத்தருகே வந்து சேர்ந்தபோது, ஏற்றுமதிச் சட்டையொன்றின் கழுத்துப்பட்டியைத் தைத்துக்கொண்டிருந்தேன். தையல் கோணிற்று. பிரித்துத் தைக்கும்படி மேற்பார்வையாளர் பணித்தார். நான் எழுந்து, தொழிற்சாலையை விட்டு வெளியேறிப் பாலத்துக்கு நடந்தேன். அன்று முதல் என் கால்கள் ஓரிடத்தில் தரிக்கவில்லை.

மாயெபூரை அடுத்த நம் கழிமுகத்தில், பாலத்துக்குச் சற்று மேலே அக்காவின் கிரெசோன் கீரைப் பாத்திகள் இருந்தமையை அறியாதார் இக்கோயில் மடலை வாசிக்கும் உங்களில் எவருமிலர். ஓடும் நன்னீரில் மட்டுமே தழைக்கும் கீரை அது. கடல் ஏறும் நேரத்தில் அக்கா நாள்தோறும் ஆற்றில் இறங்கி, ஒரு கை நீரை அள்ளிச் சுவைத்துத் துப்புவார். முதலில் பாலத்தடியில் உப்புக் கரித்தது. சில கோடைகள் கழிந்து, மேலேயுள்ள கரும்பாறையில் கரித்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் ஆறு மெலிந்தது, கடல் முன்னேறியது. உலகம் சூடாகிறது, கடல்மட்டம் உயர்கிறது என்று வானொலி பேசத் தொடங்கியபோது அக்கா சொன்னார்: "ஆயோ, ரேடியோவுக்கு இப்பத்தான் நாக்கு முளைச்சுதா?"

அவ்வேளையில், தன் படகுகள் வந்துபோவதற்காக ஆற்றின் வாயைத் தோண்டி ஆழப்படுத்த ஒரு சுற்றுலா விடுதி அனுமதி கோரியது. வாய் ஆழமானால் கடல் தடையின்றி உள்ளே வரும், பாத்திகள் அழியும். அதை முடிவுசெய்யும் கிராமக் கூட்டத்துக்கு முன்பே ஊரார் இதை உணரவேண்டுமென்று, இம்மடலில் எழுதித்தரும்படி அக்கா என்னிடம் வந்தார்.

"தெலோ தூ பெ ஃபினி. அவ்வளவுதான் தங்கச்சி, போடு."

நம் தீவின் கிரியோல் பேச்சில், நன்னீர் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். எனக்கு எப்பள்ளியும் தமிழ் கற்பிக்கவில்லை, அகராதியே ஆசான். ‘தூ’ என்பதற்கு அகராதி ‘இனிப்பு’ என்றது. ஆகவே, "நம் ஆற்றின் இனிப்பு நீரானது பெருங்கேட்டினை எய்திக்கொண்டிருக்கின்றது" என்று பெருமிதத்தோடு எழுதினேன்.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்திருந்த குருக்கள், வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் அதை வாசித்து, தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்காகத் தாம் அரைகுறையாகக் கற்றிருந்த கிரியோலில் விளக்கினார்: "தெலோ திசிக்." சர்க்கரைத் தண்ணீர்! ஆற்றின் மேற்புறத்தில்தானே சர்க்கரை ஆலை இருக்கிறது? கூட்டத்தன்று ஊரே திரண்டு ஆலையை வைதது. தோண்டுவதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"பா திசிக்! சர்க்கரை இல்லைய்யா! சாலே, உப்பு!" என்று அக்கா எழுந்து கத்தினார்.

"ஒரு பக்கம் சர்க்கரை, ஒரு பக்கம் உப்பு. எலுமிச்சை பிழிஞ்சா லிமோனாத் ஆச்சே அக்கா!" என்றது பின்வரிசை.

அச்சிரிப்பு அடங்குமுன் விடுதியின் கோரிக்கை எதிர்ப்பின்றி நிறைவேறிற்று.

வாயிலில் அக்கா என்னை மறித்தார். "ஏ மாதாம் பண்டிதை, ஆத்துல எத்தனை மூட்டை சர்க்கரை கொட்டினே?" நான் நீண்டதொரு மன்னிப்பு வாக்கியத்தைத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். "நாக்குல பட்டதை எழுதுடி. அலங்காரமெல்லாம் அப்புறம்."

ஆற்றின் வாயைத் தோண்டிய இரண்டாம் கோடையில் பாத்திகள் கருகின. அக்கா அதே விடுதியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கச் சென்றார். அதன் பின்னரும் வேலைக்குப் போகும் வழியில் ஆற்றில் இறங்கிச் சுவைப்பதை அவர் விடவில்லை. ஒரு முறையேனும் அப்பிழையை என்னிடம் சொல்லிக்காட்டவுமில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்கு இத்துணைத் தவிப்பு இராது.

செய்தி வந்த அன்று நானும் ஆற்றில் இறங்கினேன். கரும்பாறையைக் கடந்து, அதற்கும் மேலேயுள்ள துணி துவைக்கும் கல் வரை சென்று, ஒரு கை நீரை அள்ளி வாயிலிட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பழக்கமும், அன்று அவர் சொன்னபடி எழுதத் தவறிய செய்தியும்தான். குருக்கள் ஐயா இதை எந்த மொழியில் விளக்கினாலும் இம்முறை பிழை நேராது:

ஆற்றில் உப்பு ஏறுகிறது. துவைக்கும் கல்லில் கரிக்கிறது.