பெட்டிக்குள்ளிருந்து சொன்ன ஓம்

எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். மன்னாரில் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன ஆள் நான். கடிதங்களையும் விண்ணப்பப் படிவங்களையும் தவிர வேறொன்றும் எழுதியதில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிற ஒருத்தி, முன்பின் தெரியாதவர்கள் வாசிப்பதற்கு எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே சொல்லை நான்கு தடவை சொன்னேன். சொன்னது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. கேட்ட எல்லாரும் சிரித்ததால் யாரிடமும் விளக்கவும் முடியவில்லை.

ஜெர்மனியில், டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நகரத்தில் நானும் கணவரும் இருக்கிறோம். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் பகுதியில் எனக்கு வேலை. என்னோடு வேலை செய்யும் ஜெர்மன் பெண் ஒருத்தி ஊரின் ஒப்பரெட்டாச் சங்கத்தில் பாடுகிறாள். ஒப்பரெட்டா என்றால் பாட்டும் பகிடியுமாகச் சனத்தைச் சிரிக்கவைக்கும் மேடை நாடகம். சங்கத்தில் ஒருவரும் பாட்டைத் தொழிலாகச் செய்பவர் இல்லை. பல் வைத்தியர், பேக்கரியில் நிற்பவர், பள்ளிக்கூட வாத்தியார் என்று எல்லாரும் மாலையில் வந்து பாடுகிறவர்கள். உடுப்புத் தைக்க ஆள் இல்லை என்று அவள் என்னை அழைத்துக்கொண்டு போனாள். மூன்று வருடம் மூலையில் இருந்து பொத்தான் தைத்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது. யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

மேடையின் முன்விளிம்பில், நடுவில், ஒரு மரப்பெட்டி உண்டு. சபையிலிருந்து பார்த்தால் அதன் முதுகு மட்டும் தெரியும். அதற்குள் ஒருவர் இருந்து, நடிப்பவர் வசனத்தை மறந்தால் மெல்லிய குரலில் அடியெடுத்துக் கொடுக்க வேண்டும். இருபது வருடமாக அந்தப் பெட்டிக்குள் இருந்த அம்மா ஒரு குளிர்காலத்தில் இறந்துபோனார். அவருடைய கணவர்தான் சங்கத்தின் முக்கிய பகிடி நடிகர். எழுபது தாண்டிய மனிதர், தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

இறந்தவரின் இடத்துக்கு என்னைத் தெரிவு செய்தது இசை நடத்துபவர். மற்றவர்கள் பாட்டில் மயங்கி வரியைத் தவறவிடுகிறார்கள், நீங்கள் எழுத்துக் கூட்டி வாசிப்பதுபோல ஒவ்வொரு சொல்லையும் பார்க்கிறீர்கள் என்றார். வளர்ந்த பிறகு படித்த ஜெர்மன், வேறெப்படி வாசிப்பேன்? மாட்டேன் என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது. அதனால் பெட்டிக்குள் போனேன்.

உள்ளே அந்த அம்மாவின் மெத்தை இருந்தது. அவர் உட்கார்ந்த பள்ளம் அதில் அப்படியே இருந்தது. பாதி தீர்ந்த பெப்பர்மின்ட் டப்பா ஒன்றும் கிடந்தது. அதை எறிய எனக்கு மனம் வரவில்லை. நாடகப் பிரதியும் அவருடையதுதான். சில வருடங்களுக்கு முன் போட்ட நாடகத்தையே மறுபடியும் போட்டோம். ஒரு நகரத் தலைவர் வேலைக்காரன் வேடம் போட்டுத் தன் மனைவியை வேவு பார்க்கப் போய் மாட்டிக்கொள்ளும் கதை. அந்தக் கிழட்டுத் தலைவர்தான் அம்மாவின் கணவருடைய பாத்திரம்.

பிரதியின் ஓரங்களில் அம்மாவின் பென்சில் எழுத்து. பழைய எழுத்து மங்கலாக அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. சாவதற்கு முன், மறுபடி போடப்போகும் இதே நாடகத்துக்காக எழுதியது கறுப்பாக, பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. எல்லாம் கணவரின் வரிகளுக்குப் பக்கத்தில்தான். "இங்கே மறப்பார்." "இங்கேயும்." ஓர் இடத்தில், "என்னைப் பார்ப்பார். சிரித்துக்கொண்டே சொல்." அவருடைய மறதி சாதாரண மறதி இல்லை என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. யாருக்கும் சொல்லாமல் பெட்டிக்குள் இருந்தே அதை மூடி வைத்திருக்கிறார். இப்போது அந்தப் பிரதி என் மடியில் இருந்தது.

ஒத்திகையில் நான் சொல்லச் சொல்ல அந்த முதியவர் சமாளித்தார். ஒருநாள் தன் மேலங்கியின் பொத்தானைத் தைக்கக் கொண்டுவந்து, ஒருவரும் இல்லாத நேரத்தில் என்னிடம் சொன்னார்.

"நான் தடுமாறுவது உங்களுக்குத்தான் தெரியும். சங்கத்துக்குத் தெரிந்தால் வேடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதுவும் போனால் எனக்கு வீட்டுச் சுவர் மட்டும்தான் மிச்சம்."

நான் தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்குப் பழக்கம்.

நாடகத்துக்கு ஆள் சேர்க்க ஆளுக்குப் பத்து சுவரொட்டி தந்தார்கள். எல்லாவற்றிலும் வேடத்தோடு அவருடைய முகம், வாய் நிறையச் சிரிப்பு. டோர்ட்மண்டில் நாங்கள் சாமான் வாங்கும் தமிழ்க் கடைக்கும் ஒன்றைக் கொண்டுபோனேன்.

"என்ன அக்கா, வெள்ளைக்காரற்றை கூத்தோ?" என்றார் கடைக்காரர்.

"ஓம் தம்பி, கூத்து மாதிரித்தான்."

"நீங்களும் ஆடுறியளோ?"

"இல்லை, நான் பெட்டிக்குள்ளை."

"பெட்டிக்குள்ளையோ? அப்ப செத்த ஆளின்ரை பார்ட் எண்டு சொல்லுங்கோ."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சுவரொட்டியைக் கண்ணாடியில் இடம் பார்த்து ஒட்டினார். பக்கத்தில் யாரோ ஒருவரின் முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி. இரண்டு முகங்களும் ஒரே அளவில், பக்கத்துப் பக்கத்தில். இடம் மாற்றச் சொல்ல நினைத்தேன்; அதற்குள் அவர் அடுத்த ஆளுக்குச் சாமான் நிறுக்கப் போய்விட்டார்.

காட்சிகள் நான்கு. இரண்டு வார இறுதிகள், பிற்பகல் மூன்று மணிக்கு. முதல் சனிக்கிழமை, இரண்டாம் அங்கத்தில், அவர் மேடையின் முன்னால் தனியாக வந்து நின்று, ஒரு வசனம் சொல்லிவிட்டுப் பாட்டைத் தொடங்க வேண்டும். வந்தார். நின்றார். வசனம் வரவில்லை. நான் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தேன். அவர் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். விளக்கு அவர் கண்ணில் அடித்ததால் என்னுடைய உருவம் அவருக்கு இருட்டாகத்தான் தெரிந்திருக்கும்.

"நீதானா?" என்று கேட்டார்.

என்னை ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை. எப்போதும் நீங்கள்தான். யாரைக் கேட்கிறார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. பதறினால் எனக்கு ஜெர்மன் வராது; ஆமாம் என்பதற்கு எங்கள் ஊரில் சொல்லும் சொல்தான் வாயில் வந்தது. "ஓம்" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். அதுதான் தன் வசனம் என்று நினைத்தவரைப்போல, இரண்டு கையையும் விரித்து, சபை முழுவதற்கும் கேட்க, "ஓம்" என்றார். யோகா வகுப்புகளில் அந்தச் சொல்லைக் கேட்டுப் பழகிய சனம், மண்டபம் அதிரச் சிரித்தது. வாத்தியம் தொடங்கியது. அவர் ஒரு சொல் தவறாமல் பாட்டை முடித்தார்.

இசை நடத்துபவருக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பகிடியை நாளைக்கும் விட வேண்டாம் என்றார். திங்கட்கிழமை உள்ளூர்ப் பத்திரிகையிலும் அதைப் பாராட்டி நாலு வரி வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அவர் குனிந்து "நீதானா?" என்று கேட்டார். மற்றவர்களுக்கு அது நடிப்பு. அவர் கண்ணை நான் ஒரு முழத் தூரத்திலிருந்து பார்த்தேன். அவர் நடிக்கவில்லை. நான் "ஓம்" என்றேன். அந்த நேரம் மெத்தையின் பள்ளத்தில் நான் மட்டும் இருக்கவில்லை என்று தோன்றியது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

அந்த வாரம் முழுவதும் அந்தக் கேள்வி என்னோடு வந்தது. துணி மெஷின் சுற்றும் சத்தத்தில் கேட்டது. என் கணவரிடம் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, நான் அந்த மனுசனை ஏமாத்திறன்."

"அந்தாளின்ரை மனுசியெண்டு நீர் ஓம் போடுறீர். இங்கை நான் ஒருத்தன் உயிரோடை இருக்கிறன்," என்று முதலில் பகிடி விட்டார். என் முகத்தைப் பார்த்தபின் குரலை இறக்கினார். "நோய் வருத்தத்தை மறைக்கிறது உதவியில்லையப்பா. அந்தாளின்ரை மகளிட்டைச் சொல்லும்."

மகள் கொலோனில் இருக்கிறார். காட்சி நாட்களில் வந்து வாசலில் டிக்கெட் கிழிப்பார். அடுத்த சனிக்கிழமை அவரிடம் போனேன். சொல்ல வேண்டிய வசனத்தை ஜெர்மனில் நாலைந்து தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். என்னைக் கண்டதும் என் கையைப் பிடித்தார்.

"அம்மா போன பிறகு அப்பா இப்படிச் சந்தோஷமாக இருந்து நான் பார்க்கவில்லை. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது?"

ஆயத்தம் செய்த வசனத்தை விட்டுவிட்டு, நேரமாகிறது என்று பெட்டிக்குப் போனேன். அன்றும் அவர் மேடையில் குனிந்து கேட்டார்; மூன்றாவது தடவையும் ஓம் என்றேன்.

கடைசிக் காட்சி ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் நிறைந்திருந்தது. அந்தப் பகிடியைப் பார்ப்பதற்கென்றே சிலர் இரண்டாம் தடவை வந்திருந்தார்கள். அவர் குனியும்போதே சிரிப்புத் தொடங்கியது.

"நீதானா?"

"ஓம்."

அவர் நிமிரவில்லை. முழங்காலில் இருந்தார். பெட்டிக்குள் கையை நீட்டினார்.

"அப்படியென்றால் வெளியே வா," என்றார். "எவ்வளவு நேரம் அதற்குள்ளேயே இருப்பாய்?"

சனம் இன்னும் பலமாகச் சிரித்தது. இசை நடத்துபவர் கோலை உயர்த்தியபடி நின்றார். அந்தக் கை என் முகத்துக்கு முன்னால் விரிந்தபடி இருந்தது. எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். அதைப் பிடித்தேன்.

அவர் என் கையை வெளிச்சத்துக்கு இழுத்துப் பார்த்தார். என் கறுத்த கை, துணி துவைக்கும் சவர்க்காரத் தண்ணீரில் வெடித்த விரல்கள். நீண்ட நேரம் பார்த்தார். சிரிப்பு முன்வரிசையிலிருந்து ஒவ்வொரு வரிசையாக நின்றது.

"மன்னித்துக்கொள்ளுங்கள்," என்றார். நீங்கள் என்றே சொன்னார்.

அதன்பின் எழுந்து நின்றார். வாத்தியம் தொடங்கியது, ஆனால் அவருக்குப் பாட்டு வரவில்லை. நான் முதல் வரியைச் சொன்னேன். அவர் அதைப் பாடாமல், வெறும் பேச்சாகத் திருப்பிச் சொன்னார். அடுத்த வரியையும் அப்படியே. பெட்டிக்குள் குரலை அடக்கி எந்தப் பிரயோசனமும் இல்லை என்று விளங்கியபோது வாய்விட்டே சொன்னேன். என் குரல் அவ்வளவு பெரிய மண்டபத்தில் கேட்டது அதுதான் முதல் தடவை. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன. பாட்டு முடியும்வரை நானும் அவரும் மட்டும் மாறி மாறிச் சொன்னோம். கடைசி வரிக்குப் பிறகு ஒருவரும் கைதட்டவில்லை. பெட்டியின் பக்கவாட்டு இடுக்கால் பார்த்தபோது, பின்கதவருகில் மகள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது தெரிந்தது. திரையை மூடினார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. மகள் வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்து, அப்பாவைக் காட்ட வியாழக்கிழமைக்கு டெர்மின், அதாவது நேரம், எடுத்தார். கூட வர முடியுமா என்று என்னிடம் கேட்டார். வேலையில் அரை நாள் விடுப்புக் கேட்டேன். தந்தார்கள்.